எழுத்து வந்துருச்சுல்ல?

விருதுநகரில் நெட் சென்டர் வைத்திருந்தவர்களில், வந்தவர்களைச் சீக்கிரம் எழுப்பி அனுப்பப் பாடுபட்ட ஒரே ஆள் அவர்தான். அது மணிக்கணக்குத் தொழில். நெட் எவ்வளவு மெதுவாக வருகிறதோ கடைக்காரருக்கு அவ்வளவு நல்லது. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஆள் கொட்டாவி விட்டு, டீ வாங்கிவரச் சொல்லி, அதைக் குடித்தும் முடித்திருப்பான். அத்தனைக்கும் மீட்டர் ஓடும். இவருக்கு மட்டும் அது பாவம் போலப் பட்டது. திரையில் மணல் கடிகாரம் தெரிந்தால் போதும், தெருக்குழாயில் தண்ணீர் வீணாகிற மாதிரி பதறுவார். இந்தப் பிழைக்கத் தெரியாத மனுஷன் எப்படிக் கடையை ஓட்டினார் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

பாய் என்றுதான் ஊரே கூப்பிடும், நானும் அப்படித்தான். அண்ணன் தம்பிகள் எல்லோருக்கும் மிளகாய் வத்தல் கமிஷன் வியாபாரம். கீழே வத்தல் குடோன், அதற்கு மேலே இவருடைய சென்டர், அதற்கும் மேலே வீடு. மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் தும்மல் பிடித்துக்கொள்ளும். புதிதாக வந்த ஒருவர் கண்ணில் நீர் வழிய மெயில் பார்த்துக்கொண்டிருக்க, ஏதோ துக்கச் செய்தி என்று பக்கத்து மிஷின்காரர் அவர் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன்.

பிராட்பேண்ட் இன்னும் வராத காலம். போன் லைனில்தான் நெட். மோடம் கரகரவென்று கத்தி, கீச்சிட்டு, கடைசியில் சமாதானமாகி லைன் கொடுக்கும். அந்த ஒரே லைனை எல்லா மிஷின்களுக்கும் பங்கு வைத்திருந்தார். போதாததற்கு மேல்வீட்டில் அதே லைனில் இன்னொரு போன் இருந்தது. அங்கே யாராவது ரிசீவரை எடுத்தால் இங்கே அத்தனை பேருக்கும் நெட் அறுந்துவிடும். இந்த ஒட்டுப்போட்ட லைனை வைத்துக்கொண்டுதான் ஊரிலேயே வேகமான நெட் தன்னுடையது என்று அவர் மார்தட்டினார். அதில் பொய்யும் இல்லை.

எனக்கு அப்போது சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கிற அச்சாபீஸில் வேலை. ஆபீஸில் கம்ப்யூட்டர் இருந்தது, நெட் கிடையாது. முதலாளிக்கு அதன் மேல் நம்பிக்கை வரவில்லை. வடக்கே இருந்து பார்ட்டிகள் மெயிலில் டிசைன் அனுப்புவார்கள். சாயங்காலம் விருதுநகர் திரும்பியதும் அதைப் பார்த்துத் திருத்தம் சொல்லுவது என் பொறுப்பு. முதல் நாள் பாய் கடையில் உட்கார்ந்து மெயிலைத் திறந்தால், படம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் வெறும் கட்டமும் மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியும்தான் இருந்தன.

“பாய், படம் எதுவும் வரலையே.”

“வராது தம்பி. நாந்தான் நிறுத்தி வச்சிருக்கேன்.”

“எதுக்கு?”

“எழுத்து வந்துருச்சுல்ல? வெசயம் எழுத்துல இருக்கு. படம் சும்மா எடத்த அடைக்கிறது.”

“எனக்கு வெசயமே படந்தான் பாய். கிளி மார்க் லேபிள் அனுப்பியிருக்காக. கலர் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லணும்.”

“கிளி பச்சையாத்தான் இருக்கும். அதப் பாக்க வேற செய்யணுமா?”

பக்கத்து ஊர் முழுக்கக் கிளியையும் தாமரையையும் கொழுகொழுக் குழந்தையையும் அச்சடித்து வயிறு வளர்க்கிறது. பெட்டிக்குள் இருக்கும் வெடி ஒன்றுதான். மேலே ஒட்டிய படத்தைப் பார்த்துத்தான் ஜனம் வாங்குகிறது. அந்த ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு படமே வேண்டாம் என்கிறாரே என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சண்டை போட்டேன். கடைசியில் படி ஏறியதும் இருக்கும் முதல் மிஷினில் மட்டும் படம் வரும்படி மாற்றிக் கொடுத்தார். வத்தல் நெடி நேராக மூக்கில் ஏறும் இடம் அது. ‘பட மிஷின்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். அதில் உட்காருகிறவனை, வட்டிக்கு வாங்கிச் சீட்டாடுகிறவனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்.

அவருடைய வித்தைகள் பல. ஒரு பக்கத்தைப் படிக்கிறபோதே அடுத்ததைப் பின்னால் திறந்து வைத்துவிட வேண்டும். இதை வாசித்து முடிப்பதற்குள் அது வந்து நிற்கும். முகப்புப் பக்கம் வழியாகப் போகக் கூடாது. வேண்டிய பக்கத்தின் விலாசத்தை நேராக அடித்து உள்ளே நுழைய வேண்டும். விடியற்காலையில் சுபுஹு தொழுகை முடிந்த கையோடு வந்தால் லைன் காலியாக இருக்கும். நெட்டை வேகமாக்கித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்த சாஃப்ட்வேர் ஒன்றை ஆசையாகப் போட்டுப் பார்த்தார். அது தன் விளம்பரத்தை இறக்குவதற்கே பாதி லைனைத் தின்றது. அன்றைக்கே பிடுங்கி எறிந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக எஸ்கேப் பட்டன். நம் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்பார். எழுத்து தெரிந்துவிட்டால் தோளுக்கு மேலே கை நீளும், பட்டனைத் தட்டும், பக்கம் அப்படியே நின்றுவிடும். “எழுத்து வந்துருச்சுல்ல? படிங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த மிஷினுக்குப் போய்விடுவார்.

அடிக்கடி கேட்கிற பக்கங்களை மிஷினிலேயே சேமித்து வைத்திருந்தார். ரயில் நேரம் கேட்டால் கண் மூடித் திறப்பதற்குள் காட்டுவார். அப்படி ஒரு தடவை உளுந்து வியாபாரி ஒருவருக்கு மின்னல் வேகத்தில் நேரம் காட்டினார். அவர் ஸ்டேஷனுக்குப் போனபோது ரயில் போய்விட்டிருந்தது. பாய் காட்டியது முந்தின வருஷத்து அட்டவணை. பெட்டி படுக்கையோடு திரும்பி வந்து அவர் கத்தியபோது, “நேரந்தான் தப்பு. எம்புட்டு வேகமா வந்துச்சு, அதச் சொல்லுங்க” என்றார் பாய்.

இந்த வியாதி நெட்டோடு நிற்கவில்லை. டீயை ஆற்றாமல் குடிப்பார். வீட்டில் சிடி போட்டால் பாட்டு, சண்டை எல்லாம் ஓட்டிவிட்டு முடிவை மட்டும் பார்ப்பார். போனை எடுத்தால் வாங்க, போங்க, நல்லா இருக்கீகளா ஒன்றும் கிடையாது, “வெசயம்?” என்பார். கடைக்கு போர்டு எழுத வந்த பெயிண்டர் ஆசையாக ஒரு பூமி உருண்டையை வரைந்து வைக்க, அதை வெள்ளையடித்து அழிக்கச் சொல்லி, ‘நெட்’ என்று மட்டும் விடச் சொன்னார். பெயிண்டர் அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே வருவதில்லை.

ஆனால் ப்ளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு அவரை அடிக்க ஆள் கிடையாது. ரிசல்ட் தளத்தின் முகப்பில் பெரிசாக மந்திரி படம் இருக்கும். மற்ற சென்டர்களில் மந்திரியின் மீசை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், பாய் கடையில் பாதி ஊர் பிள்ளைகள் பாஸாகியிருக்கும். மாடிப்படி முழுக்க ஆட்கள் தும்மிக்கொண்டே நிற்பார்கள். நம்பரைக் கேட்பார், தட்டுவார், “பாஸ், அடுத்து” என்பார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கும்.

ஒரு வருஷம் மல்லாங்கிணற்றிலிருந்து வெள்ளாமை பார்க்கிற சம்சாரி ஒருவர் மகளுடைய நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்தார். பாய் தட்டினார்.

“பாஸ், அடுத்து.”

“கணக்குல எம்புட்டுங்க?”

“அதான் பாஸுன்னு சொல்லியாச்சுல்ல.”

“இல்லீங்க, பிள்ள கணக்குக்குத்தான் ரொம்பப் பயந்துச்சு. அத மட்டும்...”

பக்கம் போய்விட்டது. அடுத்த ஆளின் நம்பர் ஏறிவிட்டது. அந்த மனுஷன் தகராறு எதுவும் பண்ணவில்லை. படிக்கட்டு ஓரமாக ஒதுங்கி, துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டபடி நின்றார். வீட்டுக்குப் போனால் மகள் கேட்பாளே, என்ன சொல்வது என்கிற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. அப்போது பாயின் மகள் கடைசி மிஷினிலிருந்து எழுந்து வந்து அவரைக் கூட்டிப் போனாள். பி.காம். முடித்துவிட்டு அப்பாவுக்கு ஒத்தாசையாகக் கடையில் இருந்தவள். நம்பரை மறுபடி அடித்து, தமிழில் ஆரம்பித்து ஒவ்வொரு பாடமாக நிதானமாக வாசித்தாள். கணக்கு மார்க்கை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார் அவர். வாசித்தாள். “இதுக்குள்ள பத்துப் பேருக்குப் பாத்திருக்கலாம்” என்று பாய் இங்கிருந்து முணுமுணுத்தார். அவள் காதில் வாங்கவே இல்லை.

அந்தப் பெண்ணுக்குத்தான் கம்பத்துப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் கணக்கு வேலை. தன்னைப் பற்றிய விவரமெல்லாம் எழுதி, ஒரு போட்டோவும் சேர்த்து, பாய் விலாசத்துக்கு அவரே மெயில் அனுப்பியிருந்தார். பாய் எழுத்தைப் படித்தார். படித்த கையோடு ‘சம்மதம்’ என்று ஒரே வார்த்தையில் பதில் தட்டிவிட்டார். உலகத்தில் அவ்வளவு வேகமாக ஒரு சம்பந்தம் முடிந்திருக்காது. நான் பட மிஷினில் உட்கார்ந்து ஒரு சங்குச்சக்கரம் லேபிள் இறங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்த சாயங்காலம், மகள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

“அத்தா, போட்டோ வந்துச்சாமே?”

“வந்துச்சும்மா.”

“எங்க?”

“ரொம்பப் பெருசா இருந்துச்சு. அது கெடந்தா மெயில் மெதுவாயிருமேன்னு அழிச்சுட்டேன்.”

“பாக்காமயே அழிச்சீகளா?”

“என்னத்தப் பாக்கணும்? படிப்பு எழுதியிருக்காரு. வேலை, வயசு, ஒசரம், அஞ்சு வேளை தொழுகையாளின்னு எல்லாம் எழுதியிருக்காரு. எழுத்து வந்துருச்சுல்ல?”

“ரெண்டு கண்ணு இருக்குன்னு எழுதியிருக்காரா?”

பாய் நிஜமாகவே யோசித்தார். “கணக்கு வேலை பாக்குறாருல்ல, இருக்கும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. காலம் முழுக்க ஒரு முகத்தோடு இருக்கப் போகிறவள் அவள்தானே.

“நான் வேணாம்னு சொல்லல அத்தா. மூஞ்சியப் பாத்துட்டுத்தான் சரின்னு சொல்லுவேன். மறுபடி அனுப்பச் சொல்லுங்க.”

“சம்மதம்னு சொல்லிட்டு இப்பப் போயி போட்டோ கேட்டா என்ன நெனைப்பாக? ஏதோ கொற கண்டுபிடிக்கப் பாக்குறோம்னுல நெனைப்பாக. நிச்சயத்துக்கு நாள் பாக்கச் சொல்லியாச்சும்மா.”

அவள் மாடிக்குப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து பாய் கடையில் நெட் வரவில்லை.

மோடம் கத்தும், கீச்சிடும், அறுந்துவிடும். வயரைப் பிடுங்கிச் சொருகினார். மிஷின்களை எல்லாம் அணைத்துப் போட்டார். டெலிபோன் ஆபீஸுக்கு ஆள் அனுப்பினார். ஊரே மெச்சிய அத்தனை வித்தையும் தெரிந்த மனுஷனுக்கு, தன் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. கடைசியில் மாடிப்படியின் உச்சியிலிருந்து பாயின் மனைவி பாயம்மாவின் குரல்தான் வந்தது.

“லைனுக்கு ஒண்ணுமில்லங்க. ரிசீவர எடுத்து நாந்தான் அரிசி டப்பா மேல வச்சிருக்கேன். போட்டோவக் கேட்டு மெயில் போடுங்க, கீழ வைக்கிறேன்.”

“லைன் இல்லாம மெயில் எப்பிடிப் போடுறது?”

“அதுக்கு மட்டும் வைக்கிறேன். வேற எதாச்சும் தொறந்தீக, திரும்ப எடுத்துருவேன்.”

பாய்க்கு ரோஷம். போடவில்லை. கடை ஈயோட்டியது. வழக்கமாக வருகிறவர்கள் எட்டிப் பார்த்துத் தும்மிவிட்டுத் திரும்பினார்கள். தீபாவளி சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் லேபிளுக்குச் சரி சொன்னால்தான் ஆபீஸில் மிஷின் ஓடும். வேறு சென்டருக்குப் போனால் ஒரு கிளி இறங்குவதற்குள் கடையைச் சாத்துகிறார்கள். வேறு வழியில்லாமல் பாதிப்படி ஏறி நின்று பாயம்மாவிடம் கெஞ்சினேன்.

“எனக்கு சீசன் ஆர்டர் நிக்கிது பாயம்மா. கொஞ்ச நேரம் வைங்க.”

“ஒங்க கிளி எங்கயும் பறந்து போயிராது தம்பி. எம் மக ஒரு தடவ போனா போனதுதான். அங்கன போயி சொல்லுங்க, அவுககிட்ட.”

சொன்னேன். கோபத்தில் இன்னும் கொஞ்சம் சேர்த்தே சொன்னேன். ஊருக்கெல்லாம் ரிசல்ட் காட்டுகிறீர்கள், பெற்ற பிள்ளைக்கு ஒரு முகத்தைக் காட்டக் கூடாதா என்று கேட்டேன். பாய் மகளைக் கூப்பிட்டார். பாயம்மா ரிசீவரை வைத்தார். ‘போட்டோ மறுபடி அனுப்பவும்’ என்று அடித்து அனுப்பப் போன கையை மகள் தடுத்து, ‘என் மகள் பார்க்க விரும்புகிறாள்’ என்று சேர்க்கச் சொன்னாள். சேர்த்தார். அந்த மனுஷன் மெயிலில் ஒரு வரி கூடுதலாக எழுதி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பதில் வந்துவிட்டது என்று தெரிந்த மறுநாள், விடிகிற நேரத்தில், சிவகாசி பஸ்ஸைப் பிடிக்கும் முன் என் வேலையை முடித்துவிடலாம் என்று போனேன். பட மிஷின் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். போட்டோ அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது. மேலே நீலத் திரைச்சீலை கொஞ்சம் வந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். பாயின் விரல் தன்னால் எஸ்கேப் பட்டனுக்குப் போனது. பாயம்மா மணிக்கட்டைப் பிடித்து மடியில் வைத்தார்.

உச்சந்தலை தெரிந்தது. பிறகு மாநிறமாக ஒரு பட்டை வந்தது. அதற்குக் கீழே இன்னொரு பட்டை. அப்புறம் இன்னொன்று.

“லைன் நின்னுருச்சு” என்றார் பாய்.

“ஓடுதுங்க.”

“இல்ல, ரொம்ப நேரமா ஒரே கலரா வருது. தம்பி, என்னன்னு பாருங்க.”

நான் குனிந்து பார்த்தேன். லைன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மகள்தான் மெல்லச் சொன்னாள்:

“லைன் நிக்கல அத்தா. நெத்தி இன்னும் முடியல.”

ஒரு வழியாகப் புருவம் வந்தது. அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்கு முன்னந்தலையில் முடி சுத்தமாகக் கிடையாது. காதோரம் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக நின்றது.

“முடியப் பத்தி ஒண்ணும் எழுதலையே” என்றார் பாய்.

“எழுத்து வந்துருச்சுல்ல, படிங்க” என்றார் பாயம்மா.

பாயைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கண் வந்தது, மூக்கு வந்தது, மீசைக்குக் கீழே ஒரு கூச்சமான சிரிப்பும் வந்தது. மகள், சட்டைப் பொத்தான் வரைக்கும் முழுதாக இறங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்:

“தொப்பி போட்டு எடுத்திருக்கலாம்.”

எங்கள் யாருக்கும் புரியவில்லை.

“அஞ்சு வேளை தொழுகுறவருன்னா வீடு நெறைய தொப்பி வச்சிருப்பாரு. அதுல ஒண்ணப் போட்டுக்கிட்டு நின்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. வேணும்னே போடாம நிக்கிறாரு அத்தா.”

அவள் குரலில் கோபம் இல்லை என்பது பாய்க்குப் போன உயிர் திரும்பிய மாதிரி இருந்தது. உடனே நாற்காலியை முன்னால் இழுத்தார். இரண்டு கையும் கீபோர்டுக்கு வந்துவிட்டன. “அப்ப சரின்னு தட்டி விட்டுறவா?”

“நான் யோசிச்சுச் சொல்றேன்.”

பாய் கையை எடுத்துக்கொண்டார்.

அவள் யோசித்த நாட்களில் அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாடிக்கும் கடைக்குமாக நடந்தார். உட்கார்ந்த இடத்தில் எழுந்தார், எழுந்த இடத்தில் உட்கார்ந்தார். கம்பத்திலிருந்து போன் வந்தது. “பொண்ணு இன்னும் சொல்லல. சொன்னதும் சொல்றோம்” என்று சொல்லி வைத்தார். அவர்கள் மறுபடி கூப்பிட்டபோதும் அதையே சொன்னார். மகளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவள் இவருக்காகச் சரி என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தார் போலிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்தவருக்குச் சோறு போட்டுக்கொண்டே அவள் சரி என்றாள். பாதிச் சோற்றில் எழுந்து கடைக்கு ஓடி வந்து என்னிடம் சொன்னார்.

நிக்காஹுக்கு நானும் போயிருந்தேன். மணமேடையில் மாப்பிள்ளை தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அது முறை. பெண்ணிடம் சம்மதம் கேட்க ஜமாத் பெரியவர்களும் சாட்சிகளும் மணப்பெண் அறைக்குப் போனார்கள், பாயும் போனார். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். இன்னாருடைய மகன் இன்னாருக்கு, இவ்வளவு மகர் பணத்துக்கு நிக்காஹ் செய்து வைக்கச் சம்மதமா என்று பெரியவர் கேட்டார். உள்ளே வளையல் சத்தம் கேட்டது, பதில் கேட்கவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் எந்தப் பெண்ணுக்கும் சட்டென்று வாய் வராது. அதுதான் வழக்கம் என்பதால் பெரியவர் திரும்பிவிட்டார்.

“பிள்ள தலையக் குனிஞ்சிருச்சு, சரின்னுதான் அர்த்தம். வாங்க பாய், போவோம்.”

“இல்ல” என்றார் பாய். “அவ வாயால சொல்லட்டும்.”

“எல்லாம் வழக்கந்தான? அங்கன நிக்காஹ் ஓத ஹஜ்ரத்து காத்துக்கிட்டு இருக்காக. பந்தி போட்டாச்சு. பிரியாணி ஆறுது பாய்.”

“ஆறட்டும்” என்று சொல்லிவிட்டு, வாசலோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.